நீலம் மீந்த கணினிகள்

நீலத்திரை என்பது விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் முறை. இயங்குதளத்தின் கருவுக்கும் வன்பொருளை ஓட்டும் டிரைவர்களுக்கும் கணினியின் நினைவகம் முழுவதும் திறந்து கிடக்கிறது. வேர்ட் போன்றதொரு நிரல் தடுமாறினால் அதை மட்டும் மூடிவிடலாம். கருவுக்குள் ஒன்று தடுமாறினால், அது எதை எங்கே அழித்து எழுதியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொடர்ந்து ஓடவிட்டால் வட்டில் கிடக்கும் கோப்புகளும் கெட்டுப்போகலாம் என்பதால், கரு எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே நிறுத்துகிறது. நினைவகத்தில் இருந்ததில் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைக்கிறது. காரணத்தைக் குறிக்கும் குறியீடொன்றைத் திரையில் காட்டுகிறது. பிறகு கணினி மீண்டும் எழும்புகிறது.

எப்போதாவது ஒருமுறை வந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கிழமைக்கு ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று என்று நெருங்கி வரும்போதுதான் தலையிடி தொடங்குகிறது. அப்படி நெருங்கி வருவது பெரும்பாலும் வயதான மடிக்கணினிகளில். கொழும்பை அடுத்த நுகேகொடையில் அவற்றுக்குக் குறைவில்லை. கங்கொடவிலவில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம், நாவலவில் திறந்த பல்கலைக்கழகம், இரண்டையும் சுற்றிய ஒழுங்கைகளில் போர்டிங் அறைகள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து தங்கும் பிள்ளைகளின் கையில் இருப்பது அநேகமாக அண்ணனோ மச்சானோ பாவித்து முடித்த லப்டொப். 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது புதிதாக வாங்கும் எண்ணத்தைப் பல வீடுகள் கைவிட்டன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாண அட்டையும் 31ஆம் நாள் நினைவு மலரும் அடித்துக் கொடுக்கும் சின்ன அச்சகங்கள் பழைய கணினியை விடாததற்கு வேறொரு காரணம் உண்டு. 2001இல் 7ஆம் பதிப்போடு நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருள் பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவும் அந்தப் பழைய இயந்திரத்தில்தான் சொன்னபடி கேட்கின்றன.

நிறத்துக்கு ஒரு சிறிய வரலாறு இருக்கிறது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1இன் நீலத்திரையை எழுதியவர் மைக்ரோசொஃப்ட்டின் ஜோன் வெர்ட். அவர் வேலைசெய்த மிப்ஸ் கணினியின் தொடக்கத் திரையும், நிரல் எழுதப் பாவித்த ஸ்லிக்எடிட்டும் நீலத்தில் வெள்ளை எழுத்துகளைக் காட்டியவை. அதையே அவர் எடுத்துக்கொண்டார். அதே நிறுவனத்தின் ஸ்டீவ் போல்மர் எழுதியதாகப் பேசப்படுவது வேறு திரை: விண்டோஸ் 3.1இல் கன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வந்தது. 1998 ஏப்ரல் 20 அன்று சிக்காகோவின் கொம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98இல் ஒரு ஸ்கேனரைச் செருகியதும் திரை நீலமானது. 2012இல் விண்டோஸ் 8 அதற்கொரு சோகமுகம் வைத்தது. 2025இல் விண்டோஸ் 11இல் நீலம் கறுப்பாக மாற்றப்பட்டது. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் இல்லாத கணினிகளுக்கு அந்தக் கறுப்பு எட்டவில்லை. நீலம் இனிப் பழைய கணினிகளின் நிறம்.

திருத்தும் கடைகளில் இதற்கு வழமையான மருந்து ஒன்றுதான். "ஃபோர்மட் அடிச்சுத் தாறேன், பின்னேரம் வாங்க." கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதல்ல இது, பல வேளைகளில் பலிக்கவும் செய்கிறது. பழுதான டிரைவர் ஒன்றுதான் காரணமென்றால் அது அழிந்துபோகிறது. வட்டு பழுதாகிக்கொண்டிருந்தாலும், புதிதாக எழுதப்படும் விண்டோஸ் வட்டின் வேறு இடங்களில் போய் உட்காருவதால் சில கிழமைகளுக்குக் குறை தெரிவதில்லை. ஏமாற்றம் அங்கேதான். குணமானதுபோல் தோன்றிய கணினி அடுத்த மாதம் மீண்டும் நீலமாகும்போது, முதல் தடவை ஏன் விழுந்தது என்பதைச் சொல்லக்கூடிய எல்லாப் பதிவுகளும் ஃபோர்மட்டோடு போயிருக்கும். பழுதுதேடலில் இதைவிடப் பெரிய நட்டம் இல்லை. எதையும் மாற்றாத, காசு கேட்காத வேலைகளை முதலில் செய்து, அழிப்பதையும் வாங்குவதையும் கடைசிக்குத் தள்ளுவதுதான் சரியான ஒழுங்கு.

முதல் வேலை படிப்பது. விண்டோஸ் தானே மீண்டும் எழும்பும் வசதியை, சிஸ்டம் அமைப்பில் ஸ்டார்ட்அப் அன்ட் ரிகவரி என்ற பகுதியில் நிறுத்திவிட்டால், திரை அணையாமல் நிற்கும், போனில் படமெடுத்துக்கொள்ளலாம். அதைத் தவறவிட்டாலும் ஈவென்ட் வியூவரில் தடயம் இருக்கும். அங்கே கேர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். ஒழுங்காக மூடப்படாமல் கணினி எழும்பியது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது அதற்குள் இருக்கும் பக்செக் எண்ணை. அது பூச்சியம் என்றால் நீலத்திரை பற்றிய பதிவே அங்கு இல்லை. அநேகமாக மின்சாரம் அறுந்திருக்கிறது, அல்லது சூட்டினால் இயந்திரம் அணைந்திருக்கிறது. எண் இருந்தால் அது தசம முறையில் எழுதப்பட்டிருக்கும், திரையில் வரும் குறியீடோ பதினாறின் அடிப்படையில் அமைந்தது. திரையில் 124 என்று வருவது அங்கே 292; 7ஏ என்பது 122; 9எஃப் என்பது 159. இந்த மாற்றம் தெரியாமல் 292ஐத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

விழுந்த நேரத்து நினைவகப் பதிவு சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற பெயரில் கிடக்கும். அதைப் படித்துக்காட்டும் மைக்ரோசொஃப்ட்டின் வின்டிபிஜி, நிர்சொஃப்ட்டின் புளூஸ்கிரீன்வியூ இரண்டும் இலவசம். பின்னது, விழும்போது அழைப்பு அடுக்கில் (ஸ்டாக்) இருந்த நிரல்களின் பெயர்களைக் காட்டும். அதில் என்டிஓஎஸ்கேர்னல் என்று தொடங்கும் பெயர் அடிக்கடி வருவதால் விண்டோஸே பழுது என்று முடிவெடுப்பது அவசரம். அது கருவின் சொந்தக் கோப்பு. நிறுத்தும் கட்டளை அங்கிருந்து போவதால் அதன் பெயர் விழுகிறது, அவ்வளவே. ஒரு பதிவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நாலைந்தை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் உருவம் தெரியும். ஒவ்வொரு முறையும் அதே குறியீடு, அதே டிரைவர் என்றால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். இன்று 1ஏ, நாளை 50, மறுநாள் ஏ என்று குறியீடுகளும் பெயர்களும் மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வன்பொருளின்மீது, அதிலும் ரேமின்மீது போகவேண்டும். 124 என்றால் வன்பொருள் பிழையைச் செயலியே அறிவித்திருக்கிறது. மூடிய லப்டொப்பைத் திறக்கும்போது 9எஃப் வந்தால், தூக்கத்திலிருந்து எழும்ப மறுத்த ஒரு டிரைவர், பல வேளைகளில் வைஃபையினுடையது.

நீலத்திரை வந்தும் மினிடம்ப் கோப்புறை வெறுமையாகக் கிடந்தால் அதுவும் ஒரு செய்திதான். நினைவகத்திலிருந்து எடுத்ததை எழுதிவைக்க வட்டு வேண்டும். வட்டே பதில் சொல்லாமல் போயிருந்தால் எழுத இடமில்லை. 7ஏ, எஃப்4 ஆகிய குறியீடுகளோடு இந்த வெறுமையும் சேர்ந்தால், வேறெதையும் தொடமுன் கோப்புகளைப் பிரதியெடுக்க வேண்டும்.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பிழை தேடித் திருத்தும் செக்டிஸ்க் வட்டின் ஒவ்வொரு மூலையையும் படிக்கவைக்கக்கூடும். சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் அந்த உழைப்பிலேயே உயிரை விடலாம். ஆய்வறிக்கையின் ஒரே பிரதி அதற்குள் இருக்கும் மாணவருக்கு விண்டோஸைவிட அந்தக் கோப்புதான் முக்கியம். லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து எழுப்பி, ஜிஎன்யூ டிடிரெஸ்கியூவை ஓடவிடுவது நல்ல வழி. அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. பிரதி கையில் வந்தபின், வட்டு தன் நிலைபற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்க்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் 05 என்ற வரி, கைவிடப்பட்டு மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, இன்னும் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இவை கூடிக்கொண்டே போனால் வட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சி7 மட்டும் கூடினால் அநேகமாக வட்டில் குறையில்லை, அதை இணைக்கும் கேபிளிலோ தொடுமுனையிலோ குறை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நல்ல வட்டைத் தூக்கியெறிவது சாதாரணமாக நடக்கிறது.

ரேமைச் சோதிப்பதற்குப் பொறுமை மட்டும் வேண்டும். விண்டோஸோடு வரும் சோதனை மேலோட்டமானது. 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86இலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86+ஐ யூஎஸ்பியில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். விண்டோஸ் இல்லாமல் ஓடுவதால் அது நினைவகத்தின் பெரும்பகுதியைத் தொட்டுப்பார்க்கிறது: ஒரு கோலத்தை எழுதுகிறது, வாசிக்கிறது, தலைகீழாக்கி எழுதுகிறது, மீண்டும் வாசிக்கிறது. கோடிக்கணக்கான இடங்களில் ஒன்றே ஒன்று தவறாகத் திரும்பி வந்தாலும் சிவப்பில் ஒரு வரி விழும். ஒரு பிழைதானே என்று விட்டுவிடக்கூடாது. ஒரேயொரு பிட் புரண்டால் போதும், கருவுக்கு முகவரி மாறிவிடும். வின்டிபிஜியும் சில பதிவுகளில் ஒரு பிட் மட்டும் கெட்டிருப்பதாகவே அறிக்கை தருகிறது. அப்படியொரு அறிக்கை வந்தபின் டிரைவர்களைத் துருவுவது வீண்வேலை.

பிழை கண்டதும் புதிய ரேம் வாங்க ஓடவும் வேண்டாம். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதிக்க வேண்டும். பிறகு அட்டையை மாற்றி, பிறகு துளையை மாற்றி. பிழை அட்டையோடு போகிறதா, துளையோடு நிற்கிறதா என்பது அப்போது தெரியும். துளையோடு நின்றால் வாங்கும் புது அட்டையாலும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது சாத்தியம் ஒன்றுண்டு: அழுக்கு. கொழும்புத் திருத்துநர்கள் ரேம் அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பை அழிறப்பரால் தேய்த்துப் போடுவார்கள். நாலு தேய்ப்பில் கணினி எழும்பிவிடுவதும் உண்டு. பலன் உண்மையானது, முறைதான் முரட்டுத்தனமானது. முலாம் மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கக் கரையும். உதிரும் ரப்பர் துகள் துளைக்குள் போய்ச் சேரும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சு அதே வேலையைச் சேதமில்லாமல் செய்யும். பாவித்த ரேம் வாங்க பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போகிறவர்கள் அட்டையில் எழுதியிருக்கும் வோல்ட் அளவையும் வாசிக்க வேண்டும். டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது. இரண்டுக்கும் 204 ஊசிகள், ஒரே அளவுத் துளை. குறைந்த வோல்ட்டை மட்டும் கொடுக்கும் இயந்திரத்தில் முன்னதைச் செருகினால் அது எழும்பாது, எழும்பினாலும் நம்பி ஓடாது.

அடுத்தது சூடு. இதில் இந்த ஊருக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. விசிறி வெளியே தள்ளும் வெப்பம் அறையின் வெப்பத்தின்மேல் ஏறி நிற்பது; அறை 10 பாகை கூடினால் உள்ளேயும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். பல லப்டொப்களின் கையேடுகள் 35 பாகை செல்சியஸ் வரையிலான அறைவெப்பத்தையே அனுமதிக்கின்றன. அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே ஏப்ரல் பிற்பகலில் அந்த எல்லையை எட்டுவது பெரிய காரியமல்ல. அதோடு லப்டொப்பைக் கட்டில்மேல் வைத்து ஓட்டினால், அடியில் இருக்கும் காற்றுவழியை மெத்தை அடைத்துவிடுகிறது.

ஹைலெவல் வீதியை ஒட்டிய அறைகளில் இருந்து வரும் கணினியின் அடிமூடியைக் கழற்றினால் விசிறி பெரும்பாலும் பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். தூசு இருப்பது அங்கல்ல. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையிலான ஒடுங்கிய வாயில், டீசல் புகையின் கரியும் துணிநாரும் தலைமுடியும் பின்னிப்பிணைந்து, கம்பளித் துண்டுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். வெளியிலிருந்து புளோவர் அடித்தால் அது அசையாது, சிலவேளை இன்னும் இறுகும். விசிறியின் மூன்று நாலு ஆணிகளைக் கழற்றித் தூக்கினால் முழுத்துண்டாகவே உரிந்து வரும். அதே தடவையில் செயலிக்கும் செப்புக்கும் இடையிலுள்ள பசையையும் பார்க்கலாம். பத்து வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகியிருக்கும். அதை வழித்துத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தால் பல இயந்திரங்கள் அடங்கிவிடுகின்றன.

சூடும் நீலமும் நேரடியாகப் பிணைந்தவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். செயலி 100 பாகையை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதையும் தாண்டினால் ஒன்றும் காட்டாமல் அணைந்துவிடும். நீலத்திரையாக வெளிப்படுவது பெரும்பாலும் பக்கத்தில் வேகும் பாகங்களின் தடுமாற்றம்: மின்னழுத்தத்தைச் சீராக்கும் உறுப்புகள், ரேம், கிராஃபிக்ஸ் சிப். கிராஃபிக்ஸ் சிப் இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீண்டும் தொடக்கிப்பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால் 116 வரும். 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிகளில் பழுதாகிய தன் சிப்களுக்காக 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகியும் ஆறியும் களைத்த ஈயப்பற்றுகள் சிப்பின் உள்ளேயே வெடித்திருந்தன. ஹீட் கன்னால் சூடாக்கி அத்தகைய சிப்பை எழுப்பும் வித்தை இன்னும் நடக்கிறது. வெடிப்பு உள்ளே இருப்பதால் அந்த உயிர் சில கிழமைக்கு மேல் நிலைப்பதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வீடுகளில் தூசைவிட உப்பு மோசம். படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது. மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் செம்பு பச்சையாகப் பூக்கிறது. யூஎஸ்பி வாயிலும் சார்ஜர் துளையிலும் முதலில் தெரியும்.

மின்சாரம் தனிக்கதை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் விளக்கம் தந்தார். லப்டொப்புக்கு மின்வெட்டு பிரச்சினையே ஆகக்கூடாது, அதற்குள் பற்றரி இருக்கிறது. ஆனால் பழைய லப்டொப்களில் பற்றரி செத்து, கழற்றி வைக்கப்பட்டு, சார்ஜரில் மட்டுமே ஓடுவது வழக்கம். அப்போது மின்விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினாலும் கணினி எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறும். கோப்பு முறைமை இப்படிப் பலமுறை அறுந்தபின் வரும் நீலத்திரைக்கு அன்றைய மின்சாரத்தைக் குற்றம் சொல்ல முடியாது, சேதம் மாதக்கணக்காகச் சேர்ந்தது. ஊதிய பற்றரியை மட்டும் ஒருநாளும் உள்ளே விட்டுவைக்கக்கூடாது. டச்பேட் மேலே எழும்பி நிற்பது அதன் அடையாளம்.

மென்பொருளுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களை லப்டொப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போடுவது, ஒன்றுக்கு மேற்பட்ட அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை விட்டு மற்றவற்றை நீக்குவது, எஸ்எஃப்சி, டிஸம் கட்டளைகளால் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்ப்பது. பலருக்கும் தெரியாத ஒன்று மட்டும் சொல்லத்தக்கது. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்தாலும் கரு உண்மையில் மூடப்படுவதில்லை. வட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்பி வருகிறது, தடுமாறிய டிரைவரும் கூடவே. முழுதாகப் புதிய தொடக்கம் ரீஸ்டார்ட்டில்தான் கிடைக்கும். மென்பொருள் மட்டுமே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரேயொரு பிழையான கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலமாகின. அவற்றின் வன்பொருளில் ஒரு குறையும் இருக்கவில்லை. சேஃப் மோடில் எழுப்பி அந்தக் கோப்பை அழித்ததும் அவை எழும்பின. ஃபோர்மட் தேவைப்படவில்லை.

வட்டும் ரேமும் சூடும் மின்சாரமும் தேறி, டிரைவர்களும் சீரான பிறகும் நீலம் வந்தால் அப்போது ஃபோர்மட் அடிக்கலாம். சுத்தமான விண்டோஸிலும் அதே குறியீடு திரும்பினால் மிஞ்சுவது தாய்ப்பலகை. பாவித்த பலகை தேடிப் போடுவது, அதே வயதும் அதே சூடும் கண்ட இன்னொன்றை வாங்குவதுதான். அச்சகத்துக்குப் பாமினியும் பேஜ்மேக்கரும் ஓடவேண்டும் என்பதுபோல் வலுவான காரணம் இல்லாவிட்டால் அந்தக் காசு வீண். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத கணினி பிழைத்தாலும் இணையத்தில் அதை வைத்திருப்பதற்கு லினக்ஸ் போன்ற வேறு வழி பார்க்க வேண்டும். பிழைக்காதென்றால் வட்டைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், சோதனையில் தேறிய ரேமை விற்கலாம். பற்றரியைத் தனியாக எடுத்து, மீதியோடு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிபெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். மாநகரசபைக் குப்பை வண்டியில் போடக்கூடாது.